ஏலக்காய் மணத்த விதைநெல்

ஒரு வருடம் முழுக்க எங்கள் வீட்டு ரசத்தில் ஏலக்காய் வாசம் அடித்தது. சோற்றில் அடித்தது, ஆப்பத்தில் அடித்தது, காலையில் கரைத்துக் குடிக்கிற பழைய சோற்றிலும் அடித்தது. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "என்ன விசேசம், பாயசமா?" என்று கேட்டார்கள். விசேஷமாவது மண்ணாவது! ஐந்து மூட்டை விதைநெல்லைக் கொன்றுவிட்டு, அதைத்தான் அரைத்துத் தின்றுகொண்டிருந்தோம். கொன்றது நான்.

சுருளிப்பட்டிப் பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர் நஞ்சை. இரண்டு ஏக்கர் என் வீட்டுக்காரர் பங்கு, இரண்டு அவருடைய அண்ணன் பங்கு. என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறார். அண்ணன் சின்னமனூரில் வாழைத்தார் மண்டியில் இருக்கிறார். ஆகவே வயலைப் பார்ப்பது நானும் அந்த அண்ணன் பெண்டாட்டியும்தான். நான் அவரை அக்கா என்பேன். என்னைவிட மூன்றே வயது மூத்தவர். ஆனால் விதை என்று வந்துவிட்டால் முந்நூறு வயது மூத்தவர் மாதிரி நடந்துகொள்வார்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் நெல்லே அவர் கண்டுபிடித்ததுதான். ஒரு வருடம் கதிர் முற்றுகிற நேரத்தில் காற்றும் மழையும் சேர்ந்து அடித்து, வயல் மொத்தமும் பாய் விரித்த மாதிரி சாய்ந்துவிட்டது. நான் வரப்பில் உட்கார்ந்து வருண பகவானைத் திட்டிக்கொண்டிருந்தேன். அக்கா உள்ளே இறங்கிப்போய், சாயாமல் நின்ற பன்னிரண்டு தூரைத் தனியாக அறுத்து முந்தானையில் முடிந்துகொண்டு வந்தார். அதை ஒரு மூலையில் நட்டு, வேறு ரகம் கலந்த கலவன் பயிரைப் பிடுங்கி, மறுபடி நட்டு, மறுபடி பிடுங்கி, ஏழு வருடத்தில் நாலு ஏக்கருக்கும் பரப்பிவிட்டார். சாயாத நெல் என்றுதான் நாங்கள் அதைச் சொல்வது. கடையில் கேட்டால் கிடைக்காது. எங்கள் நாலு ஏக்கரை விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது.

அறுவடை மெஷின் அறுக்கிற நெல் வயலிலிருந்தே வியாபாரி லாரியில் ஏறிப் போய்விடும். விதைக்கு என்று ஒரு துண்டை மட்டும் நிறுத்தி, அரிவாளால் அறுத்து, கையால் அடித்துத் தூற்றி எடுப்போம். இருபத்தைந்து கிலோ மூட்டையாக ஆறு மூட்டை வரும். இரண்டாம் போகம் அறுத்துப் பங்குனியில் எடுக்கிற அந்த ஆறு மூட்டையை வைகாசிக் கடைசியில் பெரியாற்றுத் தண்ணீர் வருகிறவரைக்கும் உயிரோடு காப்பாற்ற வேண்டும். அதை அக்காதான் செய்துவந்தார். மூன்று நாள் இளவெயிலில் காயப்போடுவார், உச்சி வெயில் வந்தால் அள்ளி நிழலுக்குக் கொண்டுபோவார், மறுபடி விரிப்பார். கடித்துப் பார்ப்பார், முகர்ந்து பார்ப்பார், காதோரம் வைத்துக் குலுக்கியும் பார்ப்பார். மருமகளுக்கு வளையல் பார்க்கிறவர்கள்கூட இவ்வளவு பார்க்க மாட்டார்கள்! பிறகு நாற்றங்கால் நேரத்தில் நான் என் பங்கை வாங்கப் போனால், "சேறு நல்லா அடிச்சியா? தண்ணி வடிச்சியா?" என்று ரேஷன் கடையில் கேட்பதுபோல ஆயிரம் கேள்வி.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஒரு பங்குனியில் வந்தேவிட்டது. "ஏங்க்கா, எனக்கு விதை வைக்கத் தெரியாதா? நானும் வெவசாயம் பாக்குற சம்சாரி வீட்டுப் பிள்ளைதான? இந்த வருசம் ஆறு மூட்டையும் நான் வைக்கிறேன்" என்றேன்.

சண்டை போடுவார் என்று இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு நின்றேன். அக்கா என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "சரி, வையி" என்றார். அவ்வளவுதான். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் கட்டிக்கொண்டேன் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

நெல்லை அடித்துக் களத்தில் விரித்த அன்று மத்தியானமே கோடை மழை பிடித்துக்கொண்டது. காலையில் வெயில், சாப்பாட்டு நேரத்துக்கு மேகம், மூன்று மணிக்கு மழை. நான் விரிப்பேன், அள்ளுவேன், விரிப்பேன், அள்ளுவேன். நாலாம் நாள் நெல் வெதுவெதுவென்று சூடு கட்டத் தொடங்கியது. விட்டால் மூட்டைக்குள்ளேயே அவிந்துபோகும். அக்காவிடம் போய்க் கேட்டிருக்கலாம். அதுதான் வாயைக் கொடுத்தாயிற்றே, எந்த முகத்தோடு போய்க் கேட்பது? யோசித்தேன், யோசித்தேன், மலைமேல் இருக்கிற தம்பி ஞாபகம் வந்தது.

என் தம்பி கம்பம்மெட்டு தாண்டி ஓர் ஏலத்தோட்டத்தில் ஸ்டோர் பார்க்கிறான். ஸ்டோர் என்றால் பச்சை ஏலக்காயைத் தட்டுத் தட்டாக அடுக்கி, கீழே சூடு கொடுத்து உலர்த்துகிற அறை. அந்தச் சமயம் காய் வரத்து இல்லாமல் ஸ்டோர் சும்மா கிடந்தது. போன் போட்டேன். மலையேறிப் போனதிலிருந்து அவனுக்கு எதற்கெடுத்தாலும் ஒரே வார்த்தைதான்.

"குழப்பமில்ல யக்கா! ஏலக்காயே சலசலன்னு காயுது, நெல்லு காயாதா? ஜீப்புல ஏத்திக்கிட்டு வாங்க."

குழப்பமில்லை என்றால் மலையாளத்தில் கவலை வேண்டாம் என்று அர்த்தமாம். எனக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிற ஜீப்பில், கொண்டை ஊசி வளைவுகளில் இப்படியும் அப்படியும் விழுந்து எழுந்து, ஆறு மூட்டைக்கு மேல் நான் ஏழாவது மூட்டையாக உட்கார்ந்து போய்ச் சேர்ந்தேன்.

ஸ்டோரில் தட்டுகளில் அடுக்கடுக்காக நெல் பரப்பினோம். கீழ்த்தட்டிலிருந்து மேல்தட்டு வரைக்கும், மூட்டைக்கு ஒரு வரிசை. மறுநாள் திறந்தபோது ஒரு வெக்கை முகத்தில் அடித்தது பாருங்கள், பங்குனி வெயிலெல்லாம் அதற்கு உறை போடக் காணாது. ஒரு நெல்லை எடுத்துக் கடித்தேன். டக்கென்று உடைந்தது! அப்படி ஒரு காய்ச்சல்! அக்கா மூன்று நாளில் செய்வதை ஒரே நாளில் முடித்துவிட்டேன் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. மேல்தட்டு வரிசை மட்டும் சரியாகக் காயவில்லை. சூடு அவ்வளவு உயரம் ஏறவில்லை போல. கடித்தால் இன்னும் பல்லில் பிசுபிசுத்தது.

"என்னடா இது, ஒரு மூட்டை சவுத்துப் போய்க் கெடக்கு?" என்றேன்.

"அது கெடக்குது யக்கா. கீழ போய் ரெண்டு வெயில் காட்டுங்க. குழப்பமில்ல."

கீழே வந்து அந்த மூட்டையைத் திட்டிக்கொண்டே மாடியில் வெயில் காட்டினேன். ஐந்து மூட்டை முதல் வகுப்பு, இது தேறாத கேஸ் என்று மனதுக்குள் முடிவு. அதை மற்றதோடு சேர்க்கவே இல்லை. சமையல்கட்டு ஓரமாகப் போட்டுவிட்டேன். விதைக்கு ஐந்து மூட்டை தாராளம் என்று அதில் பாதியை மில்லுக்கு அனுப்பி, பச்சரிசியாக்கி, ஆப்பத்துக்கும் தோசைக்கும் வைத்துக்கொண்டேன்.

அந்த ஐந்து மூட்டையை நான் காத்த காப்பு இருக்கிறதே, பிள்ளை பெற்றவளைக்கூட யாரும் அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள். தரையில் படாமல் பலகை போட்டேன், சுவரில் ஒட்டாமல் ஒரு முழம் தள்ளி அடுக்கினேன். பழைய உரச்சாக்கு வேண்டாம் என்று புதுச் சணல்சாக்கு. உள்ளே நொச்சி இலை, வசம்புத்தூள். யூரியா மூட்டையை அந்த அறைக்குள்ளேயே விடவில்லை. அமாவாசைக்கு அமாவாசை வெளியே எடுத்து இளவெயிலில் காட்டினேன். ஒரு வண்டு இல்லை, ஓர் அந்து இல்லை. எலி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. செத்ததற்கு இத்தனை சீராட்டு என்று எலிக்குத் தெரிந்திருக்கும்போல.

நடுவில் அக்கா ஒருநாள் வந்தார். மூட்டைகளைச் சுற்றி வந்தார், தட்டிப் பார்த்தார், குனிந்து முகர்ந்தார். புருவம் மட்டும் கொஞ்சம் மேலே போனது.

"முளைப்பு பாத்தியா?"

நூறு நெல்லை எண்ணி ஈரச்சாக்கில் சுருட்டி வைத்து, எத்தனை முளைக்கிறது என்று பார்ப்பது. தொண்ணூறுக்கு மேல் வந்தால் நல்ல விதை. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த காரியம். நான் பார்த்திருக்கவில்லை. இவ்வளவு அழகாகக் காய்ந்த நெல்லுக்குப் பரீட்சை எதற்கு என்ற திமிர்.

"பாத்தாச்சுக்கா. தொண்ணூத்தஞ்சு" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

"பரவால்லயே!" என்று சொல்லிவிட்டு அக்கா போனார். அந்த 'பரவால்லயே'யை அவர் வாயிலிருந்து கேட்க நான் எத்தனை வருடம் காத்திருந்தேன் தெரியுமா? பொய் சொல்லி வாங்கியதாயிற்றே, அது தொண்டைக்குக் கீழே இறங்கவே இல்லை. சாயந்திரமே முறத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, ஒரு மூட்டையிலிருந்து நூறு நெல்லை எண்ணி ஈரச்சாக்கில் சுருட்டினேன்.

மூன்றாம் நாள் பிரித்தேன். ஒன்றும் இல்லை. நாலாம் நாளும் இல்லை. ஐந்தாம் நாள் ஏழு முளைத்திருந்தது. நூற்றுக்கு ஏழு! சரி, இந்த மூட்டைக்கு ஏதோ தோஷம் என்று மற்ற நாலு மூட்டையிலும் எடுத்து நாலு சுருள் போட்டேன். இன்னொரு ஐந்து நாள் சோறு இறங்கவில்லை. மூன்று, ஒன்பது, நாலு, பதினொன்று. மிச்சமெல்லாம் சாக்கில் ஊறி உப்பிக் கிடந்தது, அவ்வளவுதான்.

அப்போதுதான் ஸ்டோரைத் திறந்தபோது முகத்தில் அடித்த அந்த வெக்கை ஞாபகம் வந்தது. ஏலக்காயை யாரும் விதைக்கப்போவதில்லை, அது எவ்வளவு வெந்தாலும் மணக்கும். விதைநெல் உயிருள்ள சாமான். மூன்று மாதம் வயிற்றில் சுமந்து பெற்ற நெல்லை ஒரே நாளில் அவித்துக் கொண்டுவந்து, அதற்குப் பலகை போட்டுப் படுக்கவைத்திருக்கிறேன். நாலு ஏக்கர் போனது ஒரு பக்கம். வேறு நெல் வாங்கி அதைச் சமாளித்துவிடலாம். அக்காவின் ஏழு வருடத்தை எந்தக் கடையில் போய் வாங்குவது? தண்ணீர் திறக்க இன்னும் பத்தே நாள்.

என் வீட்டுக்காரர் டூட்டி முடிந்து வந்தபோது நான் சமையல்கட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். அவருக்கு விஷயம் புரிய நேரம் ஆயிற்று. புரிந்ததும் தலையைச் சொறிந்துகொண்டு கேட்டார்.

"இந்தா, அந்த அரைமூட்டையப் பாத்தியா? நீ தெனமும் திட்டுவியே, அது."

அட, ஆமாம்! தேறாத கேஸ்! உடனே நூறு எண்ணிச் சுருட்டினேன். அந்த மூன்று நாளும் தெரிந்த சாமியை எல்லாம் கும்பிட்டேன். எதிர்வீட்டுக்காரி மாதா கோயிலுக்குப் போகிறவள், அவளிடமும் சொல்லி ஒரு மெழுகுவர்த்தி ஏற்றச் சொன்னேன். மூன்றாம் நாள் பிரித்தால், வெள்ளை வெளேரென்று முளை! எண்ணினேன். எண்பத்தெட்டு. மறுபடி எண்ணினேன். எண்பத்தெட்டேதான். சூடு ஏறாத மேல்தட்டு நெல், நான் கரித்துக்கொட்டிய நெல், அது மட்டும் உயிரோடு இருந்தது. அதையும் பாதி தோசை சுட்டுத் தின்றிருக்கிறோம்! "அதான் தோசை அவ்வளவு நல்லாருந்துச்சு" என்றார் என் வீட்டுக்காரர். கையில் இருந்த முறத்தால் ஒரு போடு போட்டேன்.

மிச்சம் இருந்தது பன்னிரண்டு கிலோ சொச்சம். நாலு ஏக்கருக்கு நூறு கிலோவுக்கு மேல் வேண்டும். இரண்டு கையிலும் இரண்டு ஈரச்சாக்குச் சுருளோடு அக்கா வீட்டுக்குப் போனேன். செத்தது ஒரு கை, பிழைத்தது ஒரு கை. வாசலிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஜீப், ஸ்டோர், தொண்ணூற்றைந்து என்று சொன்ன பொய், தோசை, எல்லாம். "என்னைய என்ன வேணாலும் சொல்லுங்கக்கா. ஒங்க ஏழு வருசத்தக் கொன்னுட்டேன்" என்று அழுதேன்.

அக்கா செத்த சுருளைப் பிரித்து, ஊறிய நெல் ஒன்றை நகத்தால் கீறிப் பார்த்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. பிறகு எழுந்து உள்ளே போய் ஒரு டப்பாவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். துவரம்பருப்பு. அதற்குள் ஆறேழு ஏலக்காய் கிடந்தது.

"அன்னைக்கி ஒன் மூட்டைல ஏலக்காய் வாசம் அடிச்சுச்சு. வண்டு வராம இருக்க நீ புதுசா ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கன்னு நெனச்சேன். கேக்கக் கௌரவம் பாத்துக்கிட்டு, நானும் பருப்புல போட்டு வச்சேன். பதினஞ்சு நாளா எங்க வீட்டுல சாம்பாரும் பாயசந்தான். இவுக சாப்புட முடியலன்னு சொன்னாக. நாந்தான் வாய மூடிக்கிட்டுத் தின்னுங்கன்னேன்."

எனக்கு அழுகையும் நிற்கவில்லை, சிரிப்பும் நிற்கவில்லை. அக்காவும் சிரித்துவிட்டார். என்னைப் பார்த்து அக்கா ஒன்றைக் கற்றுக்கொள்ள நினைத்திருக்கிறார்! அதுவும் எதை?

சிரித்து முடித்ததும் பன்னிரண்டு கிலோவுக்கு வழி தேடினோம். அதற்கு முந்தின வருடம் வேளாண்மை ஆபீசிலிருந்து ஓர் அம்மா வந்து, ஒற்றை நாற்று நடவைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பதினாலு நாள் இளநாற்றை ஒவ்வொன்றாக, அகல அகலமாக நட்டால் ஏக்கருக்கு மூன்று கிலோ விதை போதும் என்றார். அப்போது கூட்டத்தில் எழுந்து, "நெல்லு நடச் சொல்றீகளா, பல்லாங்குழி ஆடச் சொல்றீகளா?" என்று கேட்டுச் சிரிக்கவைத்தது யார்? நான்தான். இப்போது அந்தம்மா ஆபீசுக்குப் போய், பல்லாங்குழி எப்படி ஆடுவது என்று நான்தான் கேட்டு வந்தேன். அவர் நல்லவர், பழசைக் கிளறவில்லை.

ஏக்கருக்கு மூன்று கிலோ. நாலு ஏக்கருக்குப் பன்னிரண்டு. ஒரு படி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நூற்றுக்குப் பன்னிரண்டு முளைக்காது என்ற பயம் வேறு. நாற்றங்காலில் குருவி உட்கார்ந்தால் எனக்கு உயிர் போனது. தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு அங்கனயே கிடந்தேன். நடவுக்கு வந்த பெண்கள் ஒற்றை நாற்றைக் கையில் வாங்கிக்கொண்டு, "ஆத்தா, இது நாத்தா, கொத்தமல்லியா?" என்று கேட்டுக்கேட்டுச் சிரித்தார்கள். இருபது நாள் வரைக்கும் வயல் சொட்டைத் தலை மாதிரி கிடந்தது. போகிறவர் வருகிறவர் எல்லாம், "என்னக்கா, மிச்ச நாத்து பஸ்ஸுல வருதா?" என்று கேட்டார்கள். அக்கா யாருக்கும் பதில் சொல்லவில்லை. அவருக்கும் சேர்த்து நான் சொன்னேன்.

பிறகு தூர் கட்டியது. ஒரே நாற்றிலிருந்து முப்பது, நாற்பது சிம்பு கிளைத்தது! ஐப்பசிக் காற்று அடித்தபோது பக்கத்து வயலெல்லாம் படுத்துவிட்டது. எங்கள் நாலு ஏக்கரும் நின்றது. வரப்பில் நின்று பார்த்தோம். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார், வலிக்கிற மாதிரி. நானும் விடவில்லை.

அடுத்த பங்குனி அறுவடையில் மறுபடி விதைக்கு ஆறு மூட்டை எடுத்தோம். தூற்றி முடித்ததும் நானே ஆறையும் அக்கா வீட்டுப் பக்கம் உருட்டினேன். "நீங்களே வைங்கக்கா. எனக்கு வேணாம்டா சாமி."

அக்கா மூன்றை மட்டும் தன் பக்கம் ஒதுக்கி, மூன்றை என் பக்கம் திருப்பிவிட்டார். "ஒன் வயலுக்கு உள்ள விதை எங்க வீட்டுல இருக்கட்டும். எங்க வயலுக்கு உள்ளத நீ வையி."

"நானா? அஞ்சு மூட்டையக் கொன்னவ நான்!"

"அதான். அஞ்சு மூட்டையக் கொன்னவ ஆறாவதக் கொல்ல மாட்டா. நான் இன்னும் ஒண்ணையுங் கொன்னதில்ல, எனக்கு இனிமேத்தான் இருக்கு. ஒன் வெதைன்னா நீ ஏனோதானோன்னு இருப்ப. என் வெதைன்னா பயந்துக்கிட்டுப் பாப்ப."

இன்றுவரை அப்படித்தான் வைக்கிறோம். அவர் விதை என் வீட்டில், என் விதை அவர் வீட்டில். தண்ணீர் திறக்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்ததும் ஒரே நாளில் இருவரும் முளைப்பு போடுவோம். இந்த வருடம் மூன்றாம் நாள் காலையில் சுருளைப் பிரித்து எண்ணிவிட்டு, ஈரச்சாக்கோடு தெருவில் ஓடினேன். எதிரே அக்கா ஈரச்சாக்கோடு வந்துகொண்டிருந்தார். குழாயடியில் சந்தித்துக்கொண்டோம்.

"ஒனக்கு எத்தன?" என்றார்.

"தொண்ணூத்தாறு. ஒங்களுக்கு?"

அக்கா என் சுருளை வாங்கி, குழாய்த் திட்டில் விரித்து, முதலிலிருந்து எண்ணினார். தொண்ணூற்றாறுதான். முகம் கொஞ்சம் கோணியது.

"எனக்குத் தொண்ணூத்திமூணு" என்றார்.